ஏ.பி.ஏ.வின் கடைசி சீசன்: 1975-76

"1970களில் என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக ஏ.பி.ஏ. என்று ஒரு கூடைப்பந்து லீக் இருந்ததாமே? அதன் கடைசி சீசனில் என்னதான் ஆயிற்று? ஆட்டம் சுமாராக இருந்ததால் மூடிவிட்டார்களா?" என்பது கேள்வி.

ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. கையில் காசு இல்லை, அவ்வளவுதான். 1975-76ல் அமெரிக்காவின் மிக அழகான கூடைப்பந்து ஏ.பி.ஏ.வில்தான் ஆடப்பட்டது என்பது என் உறுதியான கருத்து. அதே மாதங்களில்தான் அதன் அணிகள் கடனைக் கட்ட முடியாமல் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்தன. இரண்டும் ஒரே சீசனில் நடந்தன என்பதுதான் என்னை இத்தனை வருடமாக அந்த ஆண்டின் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பின்னணி. ஏ.பி.ஏ. 1967ல் 11 அணிகளோடு தொடங்கியது. மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் பழைய நட்சத்திரம் ஜார்ஜ் மைக்கன்தான் முதல் ஆணையர். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறத்தில் பந்து இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர்தான். பழுப்புப் பந்தைவிட அது பார்வையாளர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், சுழல்வதைப் பார்க்கவே அழகாக இருக்கும் என்பது அவர் எண்ணம். தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதியும் முதல் நாளிலிருந்தே இருந்தது. என்.பி.ஏ.வில் அப்போது அது கிடையாது.

உரிமையாளர்களின் கணக்கு வேறு. அமெரிக்க ஃபுட்பாலில் ஏ.எஃப்.எல். என்ற புதிய லீக் பழைய என்.எஃப்.எல்.லோடு முட்டி மோதி, 1966ல் இணைப்பு ஒப்பந்தமே போட்டுவிட்டது. அதே வழியில் போனால் குறைந்த விலையில் ஒரு அணியை வாங்கி, சில வருடம் தாக்குப்பிடித்து, கடைசியில் என்.பி.ஏ.வுக்குள் நுழைந்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் பலர் இறங்கினார்கள். ஆனால் 1970ல் என்.பி.ஏ. வீரர்கள் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் ஒரு வழக்கு வந்தது. இரண்டு லீக்குகள் இருந்தால்தான் ஒரு வீரருக்கு இரண்டு பேர் விலை சொல்வார்கள், இணைந்துவிட்டால் ஒரே கடைதான், அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இதுதான் வீரர்களின் வாதம். நியாயமான வாதம். அதனால் இணைப்பு ஆறு வருடம் தள்ளிப்போனது. அந்த ஆறு வருடமும் ஏ.பி.ஏ. அணிகள் பெரும்பாலும் டிக்கெட் வருமானத்தை வைத்தே பிழைப்பை ஓட்ட வேண்டியிருந்தது. நாடு முழுக்க ஒளிபரப்பும் பெரிய தொலைக்காட்சி ஒப்பந்தம் அவர்களுக்குக் கடைசிவரை அமையவே இல்லை.

1975 கோடையில் நிலைமை எப்படி இருந்தது என்றால், டென்வர் நக்கெட்ஸும் நியூயார்க் நெட்ஸும் சீசன் தொடங்கும் முன்பே என்.பி.ஏ.வில் சேர விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். வீட்டில் இருக்கும்போதே வேறு வீடு பார்ப்பது மாதிரி. டென்வர் அணியின் பழைய பெயர் ராக்கெட்ஸ். என்.பி.ஏ.வில் ஏற்கெனவே ஹூஸ்டன் ராக்கெட்ஸ் இருந்ததால், நாளைக்கு இணைந்தால் இடிக்குமே என்று 1974லேயே பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். எல்லோர் மனதிலும் அந்த இணைப்புதான். புதிய ஆணையராக வந்த டேவ் டிபுஷர், நியூயார்க் நிக்ஸ் அணியில் இரண்டு முறை கோப்பை வென்ற பெரிய ஆட்டக்காரர். அவர் கையில் பத்து அணிகள் இருந்தன. பேருக்குத்தான் பத்து.

அக்டோபரில் முதல் அணி போனது. மெம்பிஸில் இருந்த அணியை பால்டிமோருக்குக் கொண்டுவந்து கிளாஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சில பயிற்சி ஆட்டங்கள் ஆடினார்கள். லீக் கேட்ட பணத்தைக் கட்ட முடியவில்லை. ஒரு சீசன் ஆட்டம்கூட ஆடாமலேயே அணி கலைக்கப்பட்டது. ஆனால் இந்தச் சின்ன அணி வந்துபோனதில் ஒரு பெரிய விஷயம் நடந்துவிட்டது. கென்டக்கி கர்னல்ஸ் 1975ல் கோப்பை வென்ற அணி. அதில் டேன் இஸ்ஸலும் 7 அடி 2 அங்குல ஆர்டிஸ் கில்மோரும் சேர்ந்து ஆடினார்கள். கோப்பை வென்ற கையோடு உரிமையாளர் ஜான் ஒய். பிரவுன் இஸ்ஸலை பால்டிமோருக்கு 5 லட்சம் டாலருக்கு விற்றார். பால்டிமோரால் அந்தப் பணத்தைக் கொடுக்க முடியவில்லை. கடைசியில் இஸ்ஸல் டென்வருக்குப் போய்ச் சேர்ந்தார். கென்டக்கி அணியின் ஊரான லூயிவில் ரசிகர்கள் இதை மன்னிக்கவே இல்லை. எப்படி மன்னிப்பார்கள்? கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆடி வளர்ந்தவர் இஸ்ஸல். அவர்கள் வீட்டுப் பிள்ளை.

அடுத்தது சான் டியேகோ செயில்ஸ். கான்கிஸ்டடோர்ஸ் என்ற பெயரில் முன்பு வில்ட் சேம்பர்லின் பயிற்சியாளராக இருந்த அணிதான் இது. புது உரிமையாளர், புதுப் பெயர், புதுச் சீருடை எல்லாம் வந்தன. கூட்டம் மட்டும் வரவில்லை. 11 ஆட்டம், அதில் 3 வெற்றி. நவம்பரில் அதுவும் போனது.

டிசம்பர் தொடக்கத்தில் போனதுதான் வலித்தது. யூட்டா ஸ்டார்ஸ் 1971ல் கோப்பை வென்ற அணி. சால்ட் லேக் சிட்டியில் உண்மையான ரசிகர் கூட்டம் இருந்த அணி. 1974ல் மோசஸ் மலோன் என்ற 19 வயதுப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகத் தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தது இவர்கள்தான். 16 ஆட்டங்களோடு பணம் தீர்ந்தது. மலோன் உட்பட சில வீரர்கள் செயின்ட் லூயிஸ் ஸ்பிரிட்ஸுக்கு விற்கப்பட்டார்கள். உரிமையாளர் பில் டேனியல்ஸ் கேபிள் தொலைக்காட்சித் தொழிலின் முன்னோடிகளில் ஒருவர். அணி மூடியபோது சீசன் டிக்கெட் வாங்கியவர்களின் பணமும் போய்விட்டது. ஆனால் அவர் சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, டிக்கெட் வாங்கியவர்களுக்கும் மற்ற கடன்காரர்களுக்கும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். சட்டப்படி அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இந்தக் கதையில் பணத்தைப் பற்றி வரும் பகுதிகளில் எனக்கு நிம்மதி தருவது இது ஒன்றுதான்.

ஆக, புத்தாண்டு பிறந்தபோது ஏழு அணிகள். கிழக்கு, மேற்கு என்று பிரிப்பதற்குக்கூட ஆள் இல்லை. எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டார்கள். அதே ஐந்தாறு எதிரிகளோடு திரும்பத் திரும்ப ஆட வேண்டியிருந்தது. ஒருவர் ஆட்டம் ஒருவருக்கு மனப்பாடம். இதனால் ஆட்டத்தின் தரம் ஏறியது என்பது என் கருத்து. கலைந்த அணிகளின் நல்ல வீரர்கள் மீதி அணிகளில் வந்து சேர்ந்தார்கள். மிச்சம் இருந்த ஏழு அணிகளில் வர்ஜீனியாவைத் தவிர வேறு எதையும் எளிதான எதிரி என்று சொல்லிவிட முடியாது.

இப்போது டென்வருக்கு வருவோம். லாரி பிரவுன் பயிற்சியாளர், கார்ல் ஷியர் பொது மேலாளர். முந்தைய சீசனிலேயே 65 ஆட்டம் வென்றவர்கள். அந்தக் கோடையில் அவர்களுக்கு டேவிட் தாம்சன் கிடைத்தார். இதை இன்றைக்கு இருக்கும் ரசிகர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. அந்த ஆண்டு கல்லூரியிலிருந்து வந்தவர்களில் நம்பர் ஒன் அவர். என்.பி.ஏ. ட்ராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில், அட்லாண்டா ஹாக்ஸ் முதல் ஆளாக அவரை எடுத்தது. மூன்றாவது இடத்தில் மார்வின் வெப்ஸ்டரையும் எடுத்தது. இரண்டு பேருமே அட்லாண்டாவுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு டென்வருக்கு வந்தார்கள். செத்துக்கொண்டிருப்பதாக எல்லோரும் சொன்ன லீக்குக்கு, நாட்டின் மிகச் சிறந்த இளம் வீரர் தானே விரும்பி வந்தார்.

அவர் ஏன் அங்கே பொருந்திப்போனார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் 1967லிருந்து டங்க் போடுவதற்குத் தடை. அதாவது பந்தைக் கையால் வளையத்துக்குள் அடித்து இறக்கக் கூடாது. தாம்சன் மாதிரி ஆகாயத்தில் நிற்கும் ஆள் கல்லூரிக் காலம் முழுக்கப் பந்தை மெதுவாக வளையத்துக்குள் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. நார்த் கரோலினா ஸ்டேட் கல்லூரியில் தன் சொந்த அரங்கின் கடைசி ஆட்டத்தில் அவர் ஒரு டங்க் போட்டார், அதற்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்தார்கள். ஏ.பி.ஏ.வில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அங்கே டங்க் என்பது ஆட்டத்தின் மொழி. முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 26 புள்ளி போட்டார். ஆண்டின் சிறந்த புதுமுகமும் அவர்தான். டென்வர் 84 ஆட்டங்களில் 60 வென்று பட்டியலில் முதலிடம். நெட்ஸ் 55 வெற்றியோடு இரண்டாவது, சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 50 வெற்றியோடு மூன்றாவது.

1976 ஜனவரி 27. டென்வரில் புதிதாகக் கட்டிய மெக்நிக்கல்ஸ் அரங்கில் ஆல் ஸ்டார் ஆட்டம். ஏழே அணிகளை வைத்துக்கொண்டு இரண்டு நட்சத்திர அணிகளை எப்படிப் பிரிப்பது? பட்டியலில் முதலிடத்தில் இருந்த டென்வர் ஒரு பக்கம், மற்ற எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் சேர்ந்து இன்னொரு பக்கம் என்று வைத்தார்கள். ஆட்டத்துக்கு முன் பாட்டுக் கச்சேரிக்கு கிளென் கேம்பெல், சார்லி ரிச் இருவரையும் அழைத்தார்கள். அதோடு, இடைவேளையில் ஒரு போட்டி. இதற்கு முன் யாரும் நடத்தியிராத போட்டி: டங்க் போட்டி.

ஐந்து பேர் இறங்கினார்கள். கில்மோர், ஜார்ஜ் கெர்வின், லாரி கெனன், தாம்சன், நெட்ஸ் நட்சத்திரம் ஜூலியஸ் எர்விங். தாம்சன் தன் முறையில் காற்றில் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பந்தை இறக்கினார். சொந்த ஊர் கூட்டம் எழுந்து நின்றது. எர்விங் முறையில் அவர் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, அங்கிருந்து நீண்ட அடிகளாக அளந்துகொண்டே மறுமுனை நோக்கிப் போனார். அரங்கில் எல்லோருக்கும் என்ன வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. திரும்பி ஓடி வந்தார். பலகையிலிருந்து 15 அடி தள்ளி இருக்கும் அந்தக் கோட்டருகே காலை ஊன்றி எழும்பினார். பந்து ஒரு கையில், பெரிய ஆஃப்ரோ முடி காற்றில். வளையம் வரை போய் இறக்கினார். கால் கோட்டை லேசாகத் தாண்டியது என்று இன்றைக்கும் படத்தை நிறுத்தி வைத்துச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. தாண்டியிருக்கலாம். அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. பரிசு ஆயிரம் டாலரும் ஒரு ஸ்டீரியோவும்.

அன்றைய ஆட்டத்தில் டென்வர் 144-138 என்று ஜெயித்தது. ஒரு தனி அணி, மீதி லீக்கின் நட்சத்திரங்கள் அத்தனை பேரையும் தோற்கடித்திருக்கிறது. டங்க் போட்டியின் நினைவில் இது மறந்தே போய்விட்டது.

பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக்கட்டத் தொடர்கள், சுருக்கமாக. இண்டியானா பேசர்ஸை முதல் சுற்றில் தோற்கடித்து வந்த கென்டக்கி, டென்வரோடு ஏழு ஆட்டம் வரை மல்லுக்கட்டித் தோற்றது. நெட்ஸும் ஸ்பர்ஸும் ஏழு ஆட்டம். ஸ்பர்ஸ் அணியின் ஆட்டத்தை நடத்திய ஜேம்ஸ் சைலஸ் முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்து வெளியேறினார். அவர் இருந்திருந்தால் இறுதிப் போட்டிக்கு ஸ்பர்ஸ் வந்திருக்கும் என்று சான் அன்டோனியோ பழைய ரசிகர்கள் சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை.

இறுதிப் போட்டியில் நெட்ஸும் டென்வரும். முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை. ஆளுக்கு ஆள் எடுத்துப் பார்த்தால் டென்வர்தான் பலமான அணி. இஸ்ஸல், தாம்சன், ரால்ஃப் சிம்ப்சன், கூடவே பாபி ஜோன்ஸ். ஜோன்ஸ் அந்த லீக்கின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரர். அவருக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: எர்விங்கைப் பிடித்து வை.

முதல் ஆட்டம், டென்வரில். எர்விங் 45 புள்ளி. கடைசி மணி அடிக்கும்போது அவர் கையிலிருந்து போன பந்து உள்ளே விழுந்து 120-118. இரண்டாவது ஆட்டத்தில் 48 புள்ளி போட்டார், ஆனால் டென்வர் ஜெயித்தது. பிறகு லாங் ஐலண்டின் நாசோ கொலிசியத்தில் நெட்ஸ் இரண்டையும் வென்றது. எர்விங்குக்கு 31, 34. ஐந்தாவதை டென்வர் பிடித்தது. அதிலும் எர்விங் 37. இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஜோன்ஸ் சரியாகத் தடுக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பழைய படங்களில் கவனியுங்கள்: ஒவ்வொரு முறையும் ஜோன்ஸ் சரியான இடத்தில்தான் நிற்கிறார், கை மேலேதான் இருக்கிறது. எர்விங் அந்தக் கைக்கு மேலே போகிறார், இல்லாவிட்டால் சுற்றிப் போகிறார். பின்னாளில் இந்த இருவரும் ஃபிலடெல்ஃபியாவில் ஒரே அணியில் ஆடி, மோசஸ் மலோனோடு சேர்ந்து 1983ல் என்.பி.ஏ. கோப்பையை வென்றார்கள். மூவருமே ஏ.பி.ஏ. பிள்ளைகள்.

ஆறாவது ஆட்டம், 1976 மே 13, மறுபடி நாசோ கொலிசியத்தில். எர்விங் வளர்ந்த ஊர் அந்த அரங்கத்துக்குப் பக்கத்தில்தான். ஆனால் அன்றைய இரவு பெரும்பகுதி தாம்சனுடையது. அவர் 42 புள்ளி போட்டார். மூன்றாவது குவார்ட்டரில் நெட்ஸ் 22 புள்ளி பின்தங்கியிருந்தது. சரி, ஏழாவது ஆட்டத்துக்கு டென்வர் போக வேண்டியதுதான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அங்கே பயிற்சியாளர் கெவின் லாக்ரி முழு மைதானத்திலும் எதிரியை நெருக்கச் சொன்னார். டென்வர் பந்தை எடுத்துக்கொண்டு பாதியைக் கடப்பதற்கே திணறியது. ஜான் வில்லியம்சன் என்ற பின்வரிசை ஆட்டக்காரர் (கார்டு), ரசிகர்கள் சூப்பர் ஜான் என்று அழைத்தவர், நான்காவது குவார்ட்டரில் மட்டும் 16 புள்ளி போட்டார். மொத்தம் 28. எர்விங் 31 புள்ளி, 19 ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). ஆட்டம் 112-106. நெட்ஸுக்குக் கோப்பை. மக்கள் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். மூன்று நிறப் பந்தோடு நடந்த கடைசி ஏ.பி.ஏ. ஆட்டம் அது.

ஆறு ஆட்டங்களில் எர்விங்கின் சராசரி 37.7. தனக்கென்றே நிறுத்தி வைக்கப்பட்ட லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கு எதிராக. ஒரு வீரர் ஒரு இறுதிப் போட்டியில் ஆடிய மிகச் சிறந்த ஆட்டங்களின் பட்டியலை யார் போட்டாலும் இதை விட்டுவிடுகிறார்கள். என்.பி.ஏ.வின் சாதனைக் கணக்கில் ஏ.பி.ஏ. எண்கள் சேர்வதில்லை என்பதே காரணம். இது சரியில்லை என்று நான் எங்கேயும் சொல்வேன்.

அதே மே மாதத்தில் வர்ஜீனியா ஸ்கொயர்ஸும் போனது. எர்விங்கை முதலில் கொண்டுவந்ததும், கெர்வினுக்கு முதல் வாய்ப்பு கொடுத்ததும் இந்த அணிதான். சம்பளம் கொடுப்பதற்காக எர்விங்கை நெட்ஸுக்கும் கெர்வினை ஸ்பர்ஸுக்கும் விற்றது. விற்று விற்றுக் கடைசி சீசனில் 15 வெற்றி, 68 தோல்வி. விற்க இனி ஆளில்லை என்றபோது மூடியது.

ஆறு அணிகள் மிச்சம். பிப்ரவரியில் ராபர்ட்சன் வழக்கு சமரசத்தில் முடிந்திருந்ததால் வழி திறந்திருந்தது. ஜூன் 17ம் தேதி மாசசூசெட்ஸின் ஹயானிஸில் இரு பக்கமும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். நக்கெட்ஸ், நெட்ஸ், பேசர்ஸ், ஸ்பர்ஸ் நான்கு மட்டும் உள்ளே. ஆளுக்கு 32 லட்சம் டாலர் நுழைவுக் கட்டணம். முதல் சில ஆண்டுகள் தொலைக்காட்சி வருமானத்தில் பங்கு கிடையாது. அந்த ஆண்டு கல்லூரி ட்ராஃப்டிலும் இடம் கிடையாது. என்.பி.ஏ. இதை இணைப்பு என்றுகூடச் சொல்லவில்லை, விரிவாக்கம் என்றது. நெட்ஸுக்கு இன்னொரு சுமை: நிக்ஸ் அணியின் பகுதிக்குள் இருப்பதற்காக அவர்களுக்குத் தனியாக 48 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும்.

கென்டக்கி வெளியே. கில்மோர் இருந்த அணி, ஒரு வருடம் முன்பு கோப்பை வென்ற அணி, ரசிகர் கூட்டம் இருந்த அணி. ஜான் ஒய். பிரவுன் 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு அணியை மூடினார். இந்த முழுக் கதையிலும் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான். லூயிவில் நகரத்துக்கு இன்றுவரை ஒரு என்.பி.ஏ. அணி வரவில்லை. கலைந்த அணிகளின் வீரர்களைப் பங்கிட நடந்த ட்ராஃப்டில் கில்மோரை முதல் ஆளாக சிகாகோ புல்ஸ் 11 லட்சம் டாலருக்கு எடுத்தது.

செயின்ட் லூயிஸ் ஸ்பிரிட்ஸ் உரிமையாளர்கள் ஓசி, டேனியல் சில்னா சகோதரர்கள். அவர்கள் கைக்கு 22 லட்சம் டாலர் வந்தது. அது போதாது என்று அவர்களுடைய வழக்கறிஞர் டொனால்ட் ஷுபாக் இன்னொன்று கேட்டார். உள்ளே போகும் நான்கு அணிகளுக்கும் வரப்போகும் தொலைக்காட்சிப் பங்கில் ஏழில் ஒரு பாகம், என்றென்றைக்கும். 1976ல் என்.பி.ஏ. தொலைக்காட்சிப் பணம் அவ்வளவு பெரிதில்லை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பிறகு மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட், மைக்கேல் ஜோர்டன் எல்லோரும் வந்தார்கள். தொலைக்காட்சிப் பணம் நூற்றுக்கணக்கான கோடி டாலரில் போனது. இல்லாத ஒரு அணிக்கு ஆண்டுதோறும் காசோலை போய்க்கொண்டே இருந்தது. 2014க்குள் சுமார் 30 கோடி டாலர். அந்த ஆண்டு என்.பி.ஏ. சுமார் 50 கோடி டாலர் கொடுத்து அந்த ஒப்பந்தத்தின் பெரும்பகுதியை முடித்துக்கொண்டது.

உள்ளே போன நான்கு அணிகளின் பாடு அவ்வளவு சுகமாக இல்லை. கோப்பையோடு போன நெட்ஸுக்கு நுழைவுக் கட்டணமும் நிக்ஸ் கடனும் சேர்ந்து கழுத்தை நெரித்தன. அந்தக் கடனுக்குப் பதிலாக எர்விங்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிக்ஸிடம் கேட்டுப் பார்த்தார்கள். நிக்ஸ் வேண்டாம் என்றது! எர்விங்குக்குச் சம்பளத் தகராறும் இருந்தது. கடைசியில் 30 லட்சம் டாலருக்கு ஃபிலடெல்ஃபியா 76ers அணிக்கு விற்றார்கள். என்.பி.ஏ.வில் நுழைவதற்கான பணத்தைத் தங்கள் ஒரே சொத்தை விற்றுத் திரட்டியது போல ஆகிவிட்டது. அடுத்த சீசனில் நெட்ஸ் 22 வெற்றி, 60 தோல்வி. பேசர்ஸ் நிலைமையும் மோசம். 1977ல் அணியைக் காப்பாற்ற உள்ளூர்த் தொலைக்காட்சியில் நேரலை நிகழ்ச்சி நடத்தி, மக்களிடம் சீசன் டிக்கெட் வாங்கச் சொல்லிக் கேட்டார்கள். இண்டியானா மக்கள் வாங்கினார்கள், அணி பிழைத்தது.

"ஆட்டம் சுமாரா" என்று கேட்டதற்கு மைதானமே பதில் சொன்னது. இணைந்த முதல் சீசனிலேயே டென்வர் 50 ஆட்டம் வென்று தன் பிரிவில் முதலிடம். 1977 ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஆடிய 24 பேரில் 10 பேர் முன்பு ஏ.பி.ஏ.வில் ஆடியவர்கள். அந்த ஆண்டு என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் போர்ட்லாண்டும் ஃபிலடெல்ஃபியாவும் மோதின. தொடக்கத்தில் களமிறங்கிய பத்துப் பேரில் ஐந்து பேர் ஏ.பி.ஏ.வில் ஆடியவர்கள்: எர்விங், ஜார்ஜ் மெக்கின்னிஸ், கால்டுவெல் ஜோன்ஸ், மாரிஸ் லூகாஸ், டேவ் ட்வார்ட்சிக். கெர்வின் பின்னாளில் நான்கு முறை என்.பி.ஏ.வில் அதிகப் புள்ளி எடுத்தவர். மலோன் மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த வீரர். மூன்று புள்ளிக் கோட்டை என்.பி.ஏ. 1979-80ல் கொண்டுவந்தது. டங்க் போட்டியை 1984 ஆல் ஸ்டார் வாரத்தில் திரும்ப எடுத்தது. எங்கே தெரியுமா? அதே டென்வரில், அதே மெக்நிக்கல்ஸ் அரங்கில். 33 வயதில் எர்விங் அதிலும் இறங்கினார். இறுதிச் சுற்றில் லாரி நான்ஸிடம் தோற்றார்.

நட்சத்திரங்களுக்கு இப்படி ஒரு தொடர்ச்சி கிடைத்தது. கலைந்த அணிகளில் பெஞ்சில் இருந்தவர்களுக்கும், என்.பி.ஏ.வில் ஓய்வூதியத்துக்குத் தேவையான ஆண்டுகளை எட்டாதவர்களுக்கும் எதுவும் கிடைக்கவில்லை. முழங்கால் தேய்ந்து, வேலை இல்லாமல், மருத்துவச் செலவுக்கு வழியில்லாமல் பலர் முதுமைக்கு வந்தார்கள். இண்டியானாபோலிஸில் டிராப்பிங் டைம்ஸ் என்ற அறக்கட்டளை அவர்களுக்காகப் பல ஆண்டு குரல் கொடுத்தது. 2022 ஜூலையில் என்.பி.ஏ.வும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து 2 கோடியே 45 லட்சம் டாலர் ஒதுக்கின. மூன்று சீசனாவது ஏ.பி.ஏ.வில் ஆடிய சுமார் 115 பேருக்கு, ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஆண்டுக்கு சராசரியாக 3,828 டாலர் என்று கணக்கு. சில்னா சகோதரர்களுக்கு 2014ல் போனதில் இது இருபதில் ஒரு பங்கு. கடைசி ஆட்டம் முடிந்து 46 வருடம் ஆகியிருந்தது. அந்தப் பணத்துக்குக் காத்திருந்தவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.